கே.பி. சுந்தராம்பாளின் தொடக்க காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரூரில் நானும் சில நண்பர்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்போம். கே.பி. சுந்தராம்பாள் தட்டு சுழலும் நாளில் வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பலருக்கு அவரைச் சினிமாவில் நெற்றி நிறையத் திருநீறு பூசி ஔவையாராகப் பாடிய கிழவியாக மட்டும்தான் தெரியும். அந்தக் கிழவி வேஷத்துக்கு முன்னால் முப்பத்தைந்து வருட மேடை வாழ்க்கை இருந்தது. அதன் முதல் பாதியைப் பற்றி வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கே.பி.எஸ்.னா என்ன? அவங்க எந்த ஊர்?

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். முதல் எழுத்து ஊர், இரண்டாவது எழுத்து அம்மா பெயர். கொடுமுடி காவிரிக்கரை ஊர். இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1908 அக்டோபரில் பிறந்தார். கனகசபாபதி என்று ஒரு தம்பி, சுப்பம்மாள் என்று ஒரு தங்கை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். மூன்று குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பாலாம்பாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

இனிஷியலில் அம்மா பெயர் இருப்பதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். அந்தக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் அந்த அம்மாவும் இந்தப் பெண்ணும்தான்.

ரயில்ல பாடிப் பிச்சை எடுத்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா? இல்ல சினிமாக்காரங்க கட்டிவிட்ட கதையா?

வறுமை நிஜம். சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு வாங்கியதையும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கொடுமுடியும் கரூரும் ஈரோடு–திருச்சி ரயில் பாதையில் வரும் ஊர்கள். பாடத் தெரிந்த, பசித்த பிள்ளைக்கு அந்த ரயில் பெட்டிதான் முதல் சபை.

அவரைக் கண்டுபிடித்தது யார் என்பதில்தான் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான திருச்சி எஃப்.ஜி. நடேச ஐயர் ரயிலில் கேட்டு வியந்தார் என்பது ஒன்று. கரூரில் இருந்த ஒரு காவல்துறை அதிகாரி கேட்டு இரங்கி உதவினார் என்பது இன்னொன்று. இரண்டு கதையும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: பி.எஸ். வேலு நாயரின் நாடகக் கம்பெனி. யார் கைபிடித்து அழைத்துப் போனார்கள் என்று சண்டை போடுவதைவிட, ஓடும் ரயிலின் இரைச்சலையும் மீறி ஆளை நிமிர்ந்து பார்க்க வைத்தது அந்தக் குரல் என்பதை மனதில் வையுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு அதுவே பதில்.

முதன்முதல்ல மேடை ஏறினது எப்போ? என்ன வேஷம்?

1917 வாக்கில். அப்போது எட்டு ஒன்பது வயதுதான். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளை வேஷம். வயிறு பசிக்கிறது என்று அந்தப் பிள்ளை பாடும் பாட்டில்தான் முதல் கைத்தட்டு வாங்கினார்.

நல்லதங்காள் கதை தெரியாத இளையவர்களுக்கு: பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணி விரட்டுகிறாள், பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் குதிக்கிறாள். அந்தக் காலத்தில் இந்த நாடகத்துக்கு அழாதவர் கிடையாது. சுந்தராம்பாள் அந்தப் பாட்டைப் பாட யாரிடமும் போய் உணர்ச்சி காட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. முந்தின வருடம் வரை அதுதான் அவர் வீட்டு நிலைமை.

ஸ்பெஷல் நாடகம்னு சொல்றாங்களே, அது கம்பெனி நாடகத்துல இருந்து எப்படி வேற?

கம்பெனி என்றால் முதலாளி ஒருவர், சம்பளம், ஒத்திகை, ஒரே குழு. ஸ்பெஷல் நாடகத்தில் அப்படி இல்லை. ராஜபார்ட் (கதாநாயக வேஷக்காரர்) ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷக்காரர்) வேறு ஊரிலிருந்து, பபூனும் (கோமாளி) ஹார்மோனியக்காரரும் இன்னோர் ஊரிலிருந்து. ஏஜெண்ட் பேசி முடித்து நோட்டீஸ் அடித்துவிடுவார். அன்று ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாடம் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் நடந்தது.

வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி தினைப்புனத்துப் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டுவாள். நாரதர் வருவார், தர்க்கம் தொடங்கும். அப்புறம் வேலன் வருவான், அவனோடும் தர்க்கம். பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி. எதிராளி என்ன ராகத்தில் எடுக்கப் போகிறார் என்று முன்கூட்டித் தெரியாது. அவர் விட்ட இடத்தில் நீங்கள் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு படி மேலே போக வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு பேருக்கும் மனதுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருப்பார். இப்படி ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும் வரை. சுந்தராம்பாளின் சங்கீதப் பள்ளிக்கூடம் இதுதான்.

அந்தக் காலத்துல பொம்பளைங்க மேடை ஏறினாங்களா? ஆம்பளைங்கதானே பெண் வேஷம் போட்டாங்க?

இரண்டும் நடந்தன. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே எல்லா வேஷமும் போட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்கவென்றே தனி ரயில் விட்டார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடித்தார்கள்.

மரியாதை கிடைத்ததா என்று கேட்டால், கைத்தட்டு கிடைத்தது, பணம் கிடைத்தது. வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கும் மரியாதை சுலபத்தில் கிடைக்கவில்லை. நாடகக்காரி என்ற சொல்லே அன்று ஏச்சு.

மைக் இல்லாம கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்டுச்சு?

சுருதிதான் காரணம். ஹார்மோனியக் கட்டைகளைத்தான் நம் ஆட்கள் கணக்காகச் சொல்வார்கள்; கட்டை எண் ஏற ஏறச் சுருதியும் உயரும். இன்று கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில். ஸ்பெஷல் நாடகத்தில் இந்த வித்தியாசத்துக்கே இடம் கிடையாது. ஒரே ஹார்மோனியம், ஒரே சுருதி. வள்ளி பாடிய சுருதியிலேயே வேலனும் பாட வேண்டும். அதனால்தான் அந்தக் கால ராஜபார்ட்டுகள் எல்லாரும் அப்படி உச்சத்தில் பாடினார்கள்.

உச்சத்தில் பாடினால் மட்டும் போதாது. சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் போடும் அரக்குத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். ஊசி தேய்ந்த இரைச்சல் பாட்டுக்குச் சமமாக இருக்கும். அதற்குள்ளிருந்து சுந்தராம்பாள் ஓர் அடியை எடுக்கும்போது ழகரமும் றகரமும் தனித்தனியாகக் காதில் விழும். மேல் ஸ்தாயியில் நிற்கும் இடத்தில் எங்கள் கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரரை மனதில் வைத்துப் பாடிப் பழகிய வாய் அது.

கொழும்புக்கு ஏன் போனாங்க? இங்கேயே வாய்ப்பு இல்லையா?

வாய்ப்பு இருந்தது. ஆனால் தமிழ் நாடகக்காரர்களுக்குக் கொழும்பு அன்று பெரிய சந்தை. ஜிந்துப்பிட்டியில் நாடகக் கொட்டகை இருந்தது. துறைமுகத்திலும் கடைத்தெருக்களிலும் வேலை பார்த்த தமிழர் கூட்டம் இருந்தது. நல்ல பாட்டு என்றால் காசைப் பார்க்காத ரசிகர்கள் அவர்கள்.

போவதும் இன்று நினைப்பது போல அவ்வளவு கஷ்டம் இல்லை. போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1914இல் தொடங்கிய இந்தத் தடத்தில்தான் எத்தனையோ ஆர்மோனியப் பெட்டிகளும் வேஷப் பெட்டிகளும் கடல் கடந்தன. சுந்தராம்பாளும் அப்படித்தான் போனார், அங்கே பெரிய பெயர் வாங்கினார்.

கிட்டப்பாதானே அவங்களைப் பெரிய ஆளாக்கினார்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதை மட்டும் நான் பொறுமையாகத் திருத்தாமல் விடுவதில்லை. இல்லை.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்தவர். சிறுவயதிலேயே சகோதரர்களோடு நாடகத்துக்கு வந்து, கன்னையா கம்பெனியில் நட்சத்திரமானவர். அவருக்கு இணையான குரல் தமிழ் மேடையில் வந்ததில்லை என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் 1926இல் அவர் கொழும்பு வந்தபோது சுந்தராம்பாள் அங்கே ஏற்கெனவே கொட்டகையை நிறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணோடு பாடி நிற்க முடியுமா என்று கிட்டப்பாவையே பயமுறுத்தினார்கள் என்பது நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அதே பயத்தை இந்தப் பக்கமும் ஏற்றிவிட்டார்களாம்.

இருவரும் வள்ளி திருமணத்தில் சேர்ந்தார்கள். மேலே சொன்ன தர்க்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கிட்டப்பா, ஒரு பக்கம் சுந்தராம்பாள், நடுவில் ஒரே சுருதி. எதிரில் நிற்பவர் சோடை என்றால் வள்ளி திருமணம் பத்தே நிமிஷத்தில் படுத்துவிடும். அவர்கள் சேர்ந்த நாடகத்துக்கு ஊர் ஊராகக் கூட்டம் அலைமோதியது என்றால் இரண்டு பேரும் சம எடை என்றுதான் அர்த்தம். வளர்த்துவிட்டவர் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

ரெண்டு பேரும் முறையாக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?

1927இல் மாயவரம் மயூரநாதர் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கிட்டம்மாள் என்ற மனைவி இருந்தார். இரண்டாம் மணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இல்தான் வந்தது. ஆகவே அன்றைய சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் இருவரும் வேறு வேறு சாதி, அதோடு முதல் மனைவியும் இருந்தார். அந்தக் குடும்பத்தில் சுந்தராம்பாளுக்கு மருமகள் என்ற இடம் கிடைக்கவில்லை.

ஒரு குழந்தை பிறந்து சில நாளிலேயே இறந்தது. இருவருக்கும் நடுவே மனஸ்தாபமும் பிரிவும் வந்தன. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் கோபமும் பாசமும் ஒன்றாகவே இருக்கும். அதற்குமேல் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

காங்கிரஸ் மேடையில பாடினது அப்புறம்தானே? சின்ன வயசுலயே அரசியல் இருந்துச்சா?

இருந்தது. நாடக மேடையும் சுதந்திரப் போராட்டமும் அன்று ஒட்டிப் பிறந்தவை. புராண வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனைச் சாடிப் பாடுவார்கள். நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் வெள்ளைக் கொக்கைப் பாடினால் யாரைப் பாடுகிறார் என்று போலீஸ் உட்பட எல்லாருக்கும் தெரியும். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கதர் உடுத்தினார்கள், தேசியப் பாட்டுப் பாடினார்கள்.

காந்தியைப் பரம ஏழை சந்நியாசி என்று சுந்தராம்பாள் பாடிய தட்டு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. மோதிலால் நேரு 1931இல் இறந்தபோது இரங்கல் பாட்டும் பாடினார். பிறகு காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் வற்புறுத்தலால் 1937 தேர்தலில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பேச்சைக் கேட்க வராத கூட்டம் அவர் பாட்டைக் கேட்க வந்தது.

கிட்டப்பா இறந்ததும் வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு நடிப்பையே விட்டுட்டாங்கன்னு படிச்சேனே?

வெள்ளைச் சேலை உண்மை. நடிப்பை விட்டார் என்பது தவறு. கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் தேதி இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. நகைகளைக் கழற்றினார், வெள்ளைக் கதருக்கு மாறினார், கொடுமுடிக்குள் அடங்கிக் கிடந்தார். ஆனால் அது நிரந்தரம் இல்லை. கொஞ்ச காலத்தில் கச்சேரி மேடைக்கு வந்தார், பிறகு நடிப்புக்கும் வந்தார்.

இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று ஒரு முடிவு மட்டும் எடுத்தார், கடைசி வரை அதில் நின்றார். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள் என்று அவருடைய பட வேஷங்களை வரிசையாகப் பாருங்கள். எல்லாம் பக்தர், துறவி, மூதாட்டி. கதாநாயகியாக இல்லாமலே கதையின் நடுவில் நிற்க இப்படி ஒரு வழியை அவரே வெட்டிக்கொண்டார். இதைச் சோகக் கதையாக மட்டும் சொல்வது அவருக்கு அநியாயம்.

முதல் படத்துக்கே லட்ச ரூபாய் வாங்கினாங்களாமே, நம்புற மாதிரியா இருக்கு?

வாங்கினார். 1935இல் வந்த நந்தனார் படம் அது. அசன்தாஸ் கிளாசிகல் டாக்கீஸ் தயாரிப்பு, மாணிக்லால் டாண்டன் இயக்கம். தயாரிப்பாளர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு லட்சம் என்றால் ஓடிப்போவார் என்று சுந்தராம்பாள் சொல்ல, அவர் சரி என்றுவிட்டார் என்று சொல்வார்கள். அதே படத்தில் வேதியராக நடித்த மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் பெரிய சங்கீத வித்வான். அவருக்கு 3,000 ரூபாய். ரயிலில் காலணாவுக்குப் பாடிய பெண்ணுக்கு அவரைப்போல் முப்பது மடங்குக்கு மேல்.

தமிழில் முதல் பேசும் படம் 1931இல்தான் வந்தது. பின்னணி பாடும் வழக்கம் இன்னும் வரவில்லை. பாடத் தெரிந்தவரே நடிக்க வேண்டும். நந்தனாரில் 41 பாட்டு, அதில் ஏறக்குறைய பாதி இவருடையது. அந்தக் கணக்கைப் பார்த்தால் லட்சம் யாருக்காகக் கொடுத்தார்கள் என்று புரியும்.

பொம்பளையை ஏன் நந்தனாரா நடிக்க வெச்சாங்க? ஆளா கிடைக்கல?

பெண் ஆண் வேஷம் போடுவது நாடக ரசிகருக்குப் புதிதில்லை. சுந்தராம்பாளின் முதல் வேஷமே ஆண்பிள்ளை வேஷம்தானே. கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனங்களால் நந்தனார் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. தில்லையைப் பார்க்கத் துடிக்கும் பண்ணையாளின் குரல் வேண்டும். அந்தக் குரல் இவரிடம் இருந்தது. ஜோடி இல்லாத வேஷம் என்பதால் அவருடைய தீர்மானத்துக்கும் பழுதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கதைப்படி முடிவில் வேதியர் நந்தனார் காலில் விழ வேண்டும். பிராமண வித்வான் ஒருவர், தாழ்த்தப்பட்டவராக நிற்கும் ஒரு நடிகையின் காலில் விழுவதா என்று வைதிகர்கள் கொதித்தார்கள். அது நாடகம்தான், வேஷம்தான் என்றாலும் அவர்களால் தாங்க முடியவில்லை. நந்தனார் கதை எதைச் சொல்ல எழுதப்பட்டதோ அது அவர்கள் கொதிப்பிலேயே தெரிந்தது.

அவ்வளவு செலவு பண்ணியும் படம் ஓடலையாமே? அப்போ தோல்விதானே?

படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. கல்கி ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனத்தில், பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்தன என்கிற மாதிரி எழுதிவிட்டார். இன்று பார்த்து நாமே முடிவு செய்யலாம் என்றால் பிரதி இல்லை.

என் அபிப்பிராயம் இது: நாடகத்தில் பாட்டே நடிப்பு. ஓர் அடியை நான்கு விதமாகத் திருப்பிப் பாடும்போதே கோபம், கெஞ்சல், சமாதானம் எல்லாம் வந்துவிடும். முகம் அதற்குப் பின்னால்தான் வரும். காமிரா முகத்தைத்தான் முதலில் பார்க்கிறது. 1935இல் அதைப் புரிந்துகொண்டு படம் எடுத்தவர்கள் மிகக் குறைவு. 1940இல் மணிமேகலை. அதன்பின் 1953இல் ஜெமினியின் ஔவையார் வந்தபோதுதான் அவர் பாட்டுக்கு ஏற்றபடி ஒரு படமே அமைந்தது. அப்போது அவருக்கு 44 வயது.

கடைசியா ஒண்ணு: அவங்க நடிகையா, பாடகியா? விருது எதுக்குக் கொடுத்தாங்க?

தேசிய விருது கிடைத்தது துணைவன் படத்தில் பாடியதற்கு. பத்மஸ்ரீ 1970இல். 1958இல் சென்னை மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாவிலிருந்து சட்டமன்றம் போன முதல் ஆள் இந்தியாவிலேயே அவர்தான் என்று சொல்வார்கள். ஆனால் நடிகையா பாடகியா என்று பிரிப்பது நாம் பின்னால் போட்ட கோடு. வேலு நாயர் கம்பெனியில் அந்தக் கோடே கிடையாது; நாடகத்தில் பாட்டே நடிப்பு என்பதை முந்தின பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

சந்தேகம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். அவருடைய பழைய தட்டுகள் பல இப்போது இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. இருபதுகளில் இருந்தபோது பாடிய ஒன்றை முதலில் கேளுங்கள். அடுத்தபடியாகத் திருவிளையாடல் படத்தில் 1965இல் பாடிய ‘பழம் நீயப்பா’வைக் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்கும்போது படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்ட பிள்ளையைச் சமாதானம் செய்கிற கிழவியின் முகம் தானாக வரும். கரூருக்கு வந்தால் முதல் தட்டை நாங்களே போட்டுக் காட்டுகிறோம், ஊசி புதிதாக மாற்றி வைத்திருக்கிறோம்.